சரிவில் நிற்கத் தெரிந்த நாயகி

காமிக்ஸ் நாயகர்களுக்கு ஆளுக்கொரு சண்டைப் பாணி இருக்கிறது. தேயிலை மலையிலிருந்து ஒருத்தி புறப்பட்டால் அவள் எப்படி அடிப்பாள், எப்படித் தப்புவாள்?

மாசிப் பனி லயத்துத் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. காமன் கூத்து நடக்கும் பொட்டலைச் சுற்றிப் போர்வையும் கம்பளிக் குல்லாவுமாகத் தோட்டமே கூடி நிற்கிறது. ஓரத்தில் காய்ந்த புல்லையும் பழைய கடதாசியையும் கொளுத்தித் தப்புக்காரர்கள் தோலைக் காய்ச்சுகிறார்கள். விரலால் ஒரு சுண்டு. சத்தம் மந்தமாக இருந்தால் மறுபடியும் தீயில் காட்டல். தோல் இறுகிக் கணீரென்று பேசத் தொடங்கியதும் மன்மதன் வருகிறான். கையில் கரும்பு வில். குதிகால் தரையில் பட்டும் படாமலும் ஒரு நடை. பக்கத்தில் ரதி, அதே தாளத்துக்கு அரைச் சுற்று சுற்றி நிற்கிறாள்.

திடீரென்று அடி மாறுகிறது. தப்பு வேகமெடுக்கிறது. கூட்டத்தின் பின்வரிசையில் ஒரு சலசலப்பு. ஆளின் முகம் இன்னும் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் முன்வரிசையில் குந்தியிருக்கும் பிள்ளைகள் பின்னுக்கு நகர்ந்துவிட்டார்கள். வருகிறவன் வீரபத்திரன் என்று அவர்களுக்கு அடி சொல்லிவிட்டது. முழங்கால் இரண்டும் அகன்று, தோள் முதலில் வந்து, தலை பிறகு வந்து, பாதம் முழுதாக மண்ணில் மோதுகிற அந்த வரவை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்கள்.

மறுநாள் காலை லயத்து வாசலில் அதே பிள்ளைகள் ஆடுகிறார்கள். வேஷமில்லை, சாயமில்லை. யார் மன்மதன், யார் வீரபத்திரன், யார் எமன் என்று நிற்கிற நிலையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

இதே பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, ஒரு காமிக்ஸ் நாயகனை வரையச் சொல்லிப் பாருங்கள். முதுகில் ஒரு துணி பறக்கும். நெஞ்சில் ஓர் எழுத்து இருக்கும். வலது முட்டி முன்னால் நீண்டிருக்கும். பத்துக் கொப்பியில் பத்து நாயகன் இருந்தாலும் உடம்பு ஒன்றுதான், குத்தும் ஒன்றுதான். கூத்துப் பொட்டலில் உடம்பை வைத்தே ஆளை அடையாளம் காணும் பிள்ளைகள், தாளில் வரையும்போது எல்லா ஆளுக்கும் ஒரே உடம்பைக் கொடுக்கிறார்கள். இந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. காமிக்ஸ் பேசும் இளைஞர்கள் நாயகனின் உடையைப் பற்றியும் சக்தியைப் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள். அவன் கால் எப்படி வைக்கிறான் என்பதைப் பற்றியும் பேசவேண்டிய நேரம் இது.

தாடையில் ஒரு மண்டையோடு

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு முதல் உதாரணம் கையருகிலேயே இருக்கிறது. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரித்தானியாவின் 'வேலியன்ட்' வார இதழில் 1962இல் தொடங்கிய தொடரின் தமிழ் வடிவம் அது. ஆய்வுகூட விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்ததும் மறைந்துபோவார். மறையாதது அந்த இரும்புக்கை மட்டும்.

இதை வரைந்த ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் நிலையை யோசித்துப் பாருங்கள். சண்டைக் காட்சியில் நாயகனின் முகமில்லை, காலில்லை, உடம்பில்லை. அந்தரத்தில் ஒரு கை. கட்டத்தை நிரப்ப அவரிடம் மிஞ்சியிருந்தது எதிராளியின் முகம்தான். ஆகவே மாயாவியின் சண்டை என்பது அடிபடுகிறவனின் கண்ணில் தெரியும் திகிலாக ஆயிற்று. கழுத்தைப் பிடித்த கை, பிதுங்கும் விழி, யாருமே இல்லாத அறை. மின்சாரத்தின் பலன் தீர்ந்தால் உடம்பு வெளியே தெரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு கெடு இருந்தது. ஒரு குறைபாட்டையும் ஒரு கெடுவையும் வைத்துக்கொண்டு கட்டிய பாணி இது. நாற்பது வருடம் கழித்தும் அந்த இதழ்களைப் பொக்கிஷமாக வைத்திருக்கிறவர்கள் கதையை மறந்திருப்பார்கள், கையை மறந்திருக்க மாட்டார்கள்.

லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய வேதாளர் இன்னும் எளிமையானவர். அவர் விடுகிற குத்தில் தனி நுட்பம் எதுவுமில்லை. ஆனால் விரலிலிருக்கும் மோதிரம் எதிராளியின் தாடையில் மண்டையோட்டுத் தடத்தைப் பதித்துவிடும். அந்தத் தடத்தோடு ஒருவன் அடுத்த ஊருக்குப் போனாலும் அவன் யாரிடம் அடிவாங்கினான் என்று ஊருக்குத் தெரியும். சண்டை முடிந்த பிறகும் கதைக்குள் உயிரோடு இருக்கிறது.

என் மனதில் முதலிடம் மாடஸ்டி பிளைசிக்கு. 1984இல் லயன் காமிக்ஸ் தன் முதல் இதழிலேயே அவளைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. மாடஸ்டி கொண்டையில் கொங்கோ என்ற சிறு மரத்துண்டைச் செருகியிருப்பாள். கைக்குள் அடங்கும், இரண்டு முனையும் வெளியே நீட்டியிருக்கும், நரம்பு முடிச்சில் ஒரு தட்டுத் தட்டினால் ஆள் சுருண்டுவிடுவான். அவளது தோழன் வில்லி கார்வின் துப்பாக்கி சுடுவதில் படுமோசம், கத்தி வீசுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. இருவரும் ஒரே அறைக்குள் சண்டையிட்டாலும் இரண்டு கையெழுத்துகள் தனித்தனியாகத் தெரியும்.

மாடஸ்டியைப் படைத்த பீட்டர் ஓடொனல் இரண்டாம் உலகப் போரின்போது சிப்பாயாக ஈரானில் இருந்தார். 1942இல் அகதிகள் நடந்துவந்த வழியில் தனியாக வந்த ஒரு சிறுமியை அவர் கண்டார். அவள் கழுத்தில் ஒரு கட்டைத் துண்டு தொங்கியது. அதன் நுனியில் கம்பியால் இறுக்கிக் கட்டிய ஆணி. தன்னைத் தானே காத்துக்கொள்ள அவள் செய்துகொண்ட ஆயுதம் அது. சாப்பாடு கொடுத்தார்கள், சாப்பிட்டாள், நிமிர்ந்த தலையோடு நடந்து போய்விட்டாள். இருபது வருடம் கழித்து ஒரு நாயகி தேவைப்பட்டபோது ஓடொனலுக்கு அந்தச் சிறுமிதான் ஞாபகம் வந்தாள். மாடஸ்டியின் சண்டை எந்தப் பயிற்சிப் புத்தகத்திலிருந்தும் தொடங்கவில்லை. வழியில் கிடைத்த பொருளை வைத்து உயிர்பிழைத்த ஒரு பிள்ளையின் உடம்பிலிருந்து தொடங்கியது.

பெட்டிச் செய்தி: பாணி எங்கிருந்து வந்தது?

டேர்டெவில் (1964): கண் தெரியாத வழக்கறிஞர். அப்பா குத்துச்சண்டைக்காரர். மகன் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்து, அப்பாவின் பயிற்சிக்கூடத்து மூட்டையில் குத்திப் பழகியவன். அவன் காதால் சண்டையிடுகிறான்.

ராபின் (1940): சர்க்கஸ் குடும்பத்துப் பிள்ளை. அப்பா அம்மா ஊஞ்சலாட்டக்காரர்கள். பேட்மேன் பாரமாக இறங்கும் இடத்தில் ராபின் கரணமடித்து இறங்குவான்.

ஷாங்-சி (1973): புரூஸ் லீயின் படங்கள் உலகைக் கலக்கிய வருடத்தில் பிறந்தவர். பிறகு வரைய வந்த பால் குலாசி அந்த நாயகனுக்குப் புரூஸ் லீயின் முகச்சாயலையே கொடுத்தார்.

லக்கி லூக்: தன் நிழலைவிட வேகமாகச் சுடுவார். அந்த ஒரே ஒரு திறமை, ஆனால் எந்தக் கட்டத்திலும் அவரை வேறொருவரோடு குழப்பிக்கொள்ள முடியாது.

பன்றியை வீழ்த்திய சின்ன நாய்

இலங்கை மலையகத் தோட்டங்களில் மூன்று கூத்துகள் பெரிதாக நின்றன: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வந்தவர்கள் கொண்டுவந்த சொத்து இவை. அருச்சுனன் தபசில் உயரமான கம்பத்தில் ஏறிக்கொண்டே பாடவேண்டும். ஏறுகிற உடம்புக்கு மூச்சும் பாடுகிற தொண்டைக்கு மூச்சும் ஒரே நெஞ்சிலிருந்து வரவேண்டும். எந்தச் சூப்பர் நாயகனுக்கும் சளைக்காத உடல்திறன் அது.

பொன்னர் சங்கர் கதை ஏற்கெனவே காமிக்ஸ் ஆகிவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் கொங்கு நாட்டில் தங்கி, காங்கேயம் பக்கத்துப் பாடகர்கள் பல இரவுகள் பாடிய, அண்ணன்மார் கதை எனப்படும் இதே கதையை ஒலிநாடாவில் பதிந்தார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்தப் பதிவிலிருந்தே 'பொன்னிவள நாடு' கதையை 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடராகவும் அதனோடு சேர்ந்த சித்திரக்கதை வரிசையாகவும் ஆக்கினார். படங்களை வரைந்தவர் இரவிச்சந்திரன் ஆறுமுகம் என்ற தமிழ் ஓவியர்.

இந்தக் கதையில் சண்டைப் பாணிக்கு ஒரு பாடமே இருக்கிறது. அண்ணன் பொன்னர் அமைதிக்காரர், நிலத்தையும் நியாயத்தையும் பார்ப்பவர், கடைசி வழியாகத்தான் ஆயுதத்தைத் தொடுவார். தம்பி சங்கர் முன்கோபி, வேட்டைக்காரர், முதலில் வாளை உருவிவிடுவார். கூடவே வரும் சாம்புவன் பறை அடிப்பவன், அசாத்திய பலசாலி. தங்கை தங்காள் கையில் ஆயுதமே எடுக்காமல் தவத்தின் பலத்தில் நிற்பவள். இவர்கள் எல்லோரையும் கலங்கடிக்கிற காட்டுப்பன்றி கொம்பன். யாரும் வீழ்த்த முடியாத கொம்பனைக் கடைசியில் நிலைகுலைய வைப்பது வேட்டைக்கே அழைக்காமல் ஒதுக்கிய பொன்னாச்சி என்ற குட்டி நாய். அது பன்றியின் அடிவயிற்றுக்குக் கீழே புகுந்து கடித்துவிடுகிறது. அப்போதுதான் சங்கரின் ஈட்டிக்கு வழி கிடைக்கிறது.

பாருங்கள், குட்டி நாய் பன்றியோடு மோதவில்லை. தன் உயரத்துக்கு எட்டிய இடத்தைத் தேடியது. சண்டைக் காட்சி எழுதப் பழகும் எவருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுக்க விரும்புவது இந்த இடத்தைத்தான்.

இரண்டு கட்டத்தில் அண்ணன் தம்பி இருவரையும் வரைந்து, முகத்தை மறைத்துவிட்டாலும் வாள் பிடித்த கையைப் பார்த்து யார் யாரென்று சொல்லமுடியவேண்டும். பொன்னரின் வாள் முனை மண்ணைப் பார்க்கும். சங்கரின் வாள் முனை எதிராளியின் தொண்டையைப் பார்க்கும். கூத்து வாத்தியார்கள் இதை வசனத்தால் சொல்லிக்கொடுப்பதில்லை. மாணவனின் முழங்காலைக் கையால் பிடித்து வளைத்துக் காட்டுவார்கள்.

கொழுந்து மலையில் ஒரு சண்டை

இனி நம் நாயகிக்கு வருவோம். அவள் பெண்ணாக இருக்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். இந்த மலையின் சரிவை அவர்களைவிட நன்றாகத் தெரிந்த உடம்பு வேறு இல்லை.

அந்த உடம்புக்கு என்ன தெரியும்? இரண்டு இலையும் ஒரு மொட்டும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஒடியவேண்டும், கிழியக் கூடாது. இடதும் வலதும் தனித்தனியாக, கண் பார்க்கும் வேகத்துக்கு ஓடவேண்டும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னுக்கு ஒரு வீச்சு. திரும்பிப் பார்ப்பதில்லை, கொழுந்து கூடைக்குள்தான் விழும். கூடையின் கயிறு தலையில். பாரம் முதுகில். அதனால் உடம்பு எப்போதும் மேட்டுப்பக்கம் சாய்ந்திருக்கும், முழங்கால் லேசாக மடிந்திருக்கும், பாதம் முதலில் மண்ணைச் சோதித்துவிட்டுத்தான் பாரத்தை ஏற்கும். இடுப்பில் படங்கு. கையில் மட்டக்கம்பு, செடியின் மேல்மட்டம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்க வைத்து வைத்து நகர்த்தும் நீளக் கம்பு.

இப்போது இந்த மலைக்கு ஒரு சண்டையைக் கொண்டுவருவோம். வில்லனின் ஆட்கள் நான்கு பேர், தட்டை நிலத்தில் சண்டை பழகியவர்கள். முதலாமவன் சினிமாவில் பார்த்தபடி காலை உயர்த்தி உதைக்கிறான். சரிவில் ஒற்றைக் காலில் நின்று உதைத்தால் என்ன ஆகும் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டாமவன் கம்பைத் தாழ வீசுகிறான். தேயிலைச் செடி இடுப்பளவு நிற்கிறது. அதன் கிளைகளில் கம்பு சிக்குகிறது, பிடுங்க முடியவில்லை. மூன்றாமவன் மேலிருந்து பாய்ந்து ஓடிவருகிறான். மலைக்குக் குறுக்கே மழைத்தண்ணீர் போக வெட்டிய கான், செடிகளுக்கு நடுவே மறைந்திருக்கிறது. அது எத்தனையாவது நிரையில் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

அவள் இன்னும் ஒரு அடிகூட அடிக்கவில்லை. நான்காமவன்தான் புத்திசாலி, அவளைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மேலேறி வருகிறான். மேட்டில் நிற்பவளுக்கு எதிராளியின் தலை கைக்கெட்டும், பள்ளத்தில் நிற்பவனுக்கு அவள் கால்தான் எட்டும். அவன் காலைக் குறிவைக்கிறான். அவள் கால்கள் செடிக்குள் மறைந்திருக்கின்றன. மட்டக்கம்பு இதுவரை செடியின்மேல் படுத்திருந்தது. இப்போது அது செடிமட்டத்தை உரசிக்கொண்டே நேராக நீண்டு வருகிறது. நான்காமவன் அதைச் செடியின் மட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

எட்டுக் கட்டம் போதும் இந்தச் சண்டைக்கு. அதில் ஐந்து கட்டத்தில் கால் வரையவேண்டும், இல்லையென்றால் கால் மறைவதை வரையவேண்டும். இந்தச் சண்டையை நியூயோர்க் தெருவுக்கோ சென்னைக் கடற்கரைக்கோ தூக்கிக்கொண்டு போக முடியாது. இடத்திலிருந்து பிரிக்கமுடியாத சண்டைதான் நாயகிக்கு அடையாளம் கொடுக்கும்.

அவளோடு தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக்காரர் ஒருவர் இருக்கலாம், அப்பாவோ சித்தப்பாவோ. கவ்வாத்துக் கத்தி ஒரே வீச்சில் சாய்வாக வெட்டவேண்டும். வெட்டு பிசிறினால் தண்ணீர் தங்கிக் கிளை அழுகும். இந்தக் கையைச் சண்டையில் காட்டினால் அவர் தேவையில்லாமல் இரண்டாவது வீச்சு வீசமாட்டார். எங்கே வெட்டக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டு பேர், இரண்டு வேலை, இரண்டு பாணி. நாயகியின் பாணி ஓயாத அசைவு. அவருடையது நீண்ட நிதானம், ஒரே ஓர் அசைவு.

பனிமூட்டம் இறங்கிய மலையில் ஆளைப் பார்க்கமுடியாது. ஆனால் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கூவி ஆள் அழைக்கும் குரல் இருக்கிறது. குளவி கலைந்தால் கத்தாமல் கையை வீசாமல் படங்கையோ சாக்கையோ தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு ஒதுங்கும் பழக்கம் இருக்கிறது. டேர்டெவில் காதால் சண்டையிடுகிறான் என்று உலகம் வியக்கிறது. பனிக்குள் கூவலைக் கேட்டுத் திசை சொல்லும் காது நமக்கும் உண்டு.

பெட்டிச் செய்தி: கம்பும் காலடியும்

சிலம்பக் கம்பு வழக்கமாக ஆளின் நெற்றி உயரம் இருக்கும். ஆளுக்கு ஆள் கம்பு மாறும் என்பதால் நாயகியின் கம்பை வில்லன் பிடுங்கினாலும் அவன் கைக்கு அது சரியாக வராது. பயிற்சி காலடியில் தொடங்கும், வீச்சும் தட்டும் பிறகுதான் வரும். நாகம் பதினாறு, கள்ளப்பத்து, குறவஞ்சி, நிலைக்களக்கி என்று பாணிகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. சுருள்வாளும் மான்கொம்பும் இதே குடும்பத்து ஆயுதங்கள்.

தமிழ்ச் சினிமாவில் சிலம்பத்தைத் தன் அடையாளமாக்கிக்கொண்ட எம்.ஜி.ஆர். பிறந்தது 1917 ஜனவரி 17ஆம் திகதி, மலையகத்தின் நாவலப்பிட்டியில். 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்தில் ரிக்‌ஷாவில் இருந்தபடியே கம்பு சுற்றுவார். தொழிலும் சண்டையும் ஒரே கட்டத்துக்குள் வந்த காட்சி அது.

சிங்கள மக்களின் மரபுக்கலையான அங்கம்பொர, 1818 ஊவா–வெல்லஸ்ஸ கிளர்ச்சிக்குப் பிறகு பிரித்தானியர் தடைசெய்ததாகச் சொல்லப்படுவது. மலையகத்துக் கதையில் சிலம்பக்காரியும் அங்கம்பொரக்காரனும் எதிரெதிராகவோ பக்கத்தில் பக்கமாகவோ நின்றால் இரண்டு வேறு உடல்மொழிகள் ஒரே தாளில் கிடைக்கும்.

வலியை மறைக்காமல் வரையவேண்டும்

இந்த யோசனையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதை மூடிமறைத்துவிட்டு நாயகியைக் கொண்டாட எனக்கு மனமில்லை.

தோட்ட வேலையைச் சூப்பர் சக்தியாக வரைந்துவிட்டால், அந்த வேலை உடம்பை என்ன செய்கிறது என்பது மறைந்துபோகும். தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும் ஒரு நாள் பெயருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்குக்கு, 18, 20 கிலோ கொழுந்து கேட்கும் வேலை இது. மடுவத்தில் நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கழித்தது போக மிச்சம்தான் கணக்கு. கழுத்து வலி, இடுப்பு வலி, பாதவெடிப்பு, அட்டைக் கடி. வேகமான விரல் என்று கட்டத்தில் வரைந்தால் அதே விரலில் கொழுந்துக் கறையும் வெட்டுக்காயமும் தெரியவேண்டும். நாயகி நாலு பேரை வீழ்த்திய அன்று மாலை முதுகில் எண்ணெய் தேய்த்துவிட அம்மா வேண்டும். மாயாவிக்கு மின்சாரம் தீர்ந்ததைப் போல அவளுக்கு மூச்சு தீரவேண்டும். மாலை மடுவத்துக்குப் போய் எடை கொடுக்காவிட்டால் அன்றைய பெயர் பாதிப் பெயராகிவிடும் என்ற கெடு அவள் சண்டையின் மேல் நிற்கவேண்டும். வில்லனைத் துரத்திக்கொண்டு ஓடுவதா, கூடையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதா என்று அவள் ஒரு கணம் நிற்கிற கட்டம், எந்தக் கரணத்தையும்விட வாசகரைப் பிடித்து நிறுத்தும்.

இரண்டாவது, தப்பு. காமன் கூத்தே தப்பில்லாமல் இல்லை. ஆனால் தப்பு அடிப்பவரின் சாதியைக் காரணம் காட்டி அவரைக் கீழே வைத்த வரலாறும் அந்தத் தோலோடு ஒட்டியிருக்கிறது. படித்துவிட்ட பிள்ளைகள் அப்பாவின் தப்பைத் தொடக் கூச்சப்படுவதை மலையகத்தில் யாரும் பார்த்திருப்பார்கள். ஒரு காமிக்ஸில் தப்புக்காரன் நாயகனின் எடுபிடியாக, சிரிப்புக்கு ஆளாக வந்தால் அந்தக் கூச்சம் இன்னும் இறுகும். அவனையே சண்டையின் மூளையாக்கலாம். களத்தில் யார் எப்போது பாயவேண்டும், எப்போது பின்வாங்கவேண்டும் என்பதை அடியால் சொல்பவன் அவன். எதிராளிக்கு வெறும் சத்தம், நம் ஆட்களுக்கு அது கட்டளை. சாம்புவனைப் பக்கப் பாத்திரமாகவே வைத்திருந்த கதையைக் கொஞ்சம் திருப்பிப் போடுவதற்கு இது நல்ல வாய்ப்பு.

மூன்றாவது, எதிரி யார்? காமிக்ஸ் என்றாலே முகமூடி போட்ட வில்லன் வேண்டும் என்ற அவசியமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தக் காலை வேளையில் மண்ணுக்கு எதிராக நின்றவர்கள் கையில் மண்வெட்டியும் கடப்பாரையும்தான் இருந்தன. மழைக்காலத்தில் மலையகப் பிள்ளைகள் படுக்கும்போது பயப்படுவது வில்லனுக்கல்ல, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மேட்டுக்கு. கானில் ஓடும் தண்ணீர் திடீரென்று சேறாவதையும், மரம் சாய்வதையும், நிலத்தில் விழும் வெடிப்பையும் பார்த்து முன்கூட்டியே ஆள்களை வெளியேற்றத் தெரிந்த நாயகி இந்த மலைக்கு வேண்டும். சரிவில் நிற்கத் தெரிந்த அதே கால், சரியும் மலையில் எந்த இடத்தில் கால் வைக்கக்கூடாது என்பதையும் அறிந்திருக்கும். பாட்டியை முதுகில் போட்டுக்கொண்டு, கூடைக் கயிற்றைப் போலத் தலையில் துணியை மாட்டிப் பாரத்தைப் பிரித்து இறங்குகிற அவள் உடம்பை வரையத் தெரிந்தவர், எந்தச் சண்டையையும் வரைந்துவிடுவார்.

பின்கதைக்குத் தேடவேண்டியதில்லை. மன்னாரிலிருந்து காட்டுவழியாக மாத்தளை வரை நடந்து வந்தவர்களின் கொள்ளுப்பேத்தி அவள். வழியில் கொலராவுக்கும் பசிக்கும் விழுந்தவர்கள் போக மிஞ்சியவர்களின் கால் அவளுக்கு வாய்த்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய குடும்பம். 2023இல் 'மலையகம் 200' நடைபயணத்தில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே பாதையை மீண்டும் நடந்தவர்களில் அவளையும் ஒருத்தியாக வைத்துக்கொள்ளலாம். ஒரே பக்கத்தில் சொல்லிவிடலாம் இதையெல்லாம். நடக்கிற கால்களை மட்டும் வரைந்தால்கூடப் போதும்.

அட்டையில் யார் பெயர்?

வரையத் தெரிந்த இளைஞர்கள் மலையகத்தில் இருக்கிறார்கள். பாடசாலைச் சித்திரப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. கைத்தொலைபேசியிலேயே வரைந்து வண்ணம் தீட்டுகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பயிற்சிப் படங்கள் பெரும்பாலும் ஜப்பானிய மங்காவும் அமெரிக்கக் காமிக்ஸும். அவற்றைப் படிப்பதில் தவறில்லை. மங்கா ஓவியர்கள் தங்கள் ஊர்க் கராத்தேயையும் வாள்வீச்சையும் பக்கத்திலிருந்து பார்த்து, கால் பெயரும் தூசியைக்கூட வரைந்தார்கள். அதைப்போல நம்மவர்களும் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

செய்யவேண்டிய வேலை தெளிவானது. மாசியில் காமன் நடும்போது ஓவியர் ஒருவர் கொப்பியோடு பொட்டலுக்குப் போகவேண்டும். வேஷம் கட்டியபின் வரும் அழகை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். ஓவியர் அதற்கு முன்னால், ஒத்திகை நாட்களில் போகவேண்டும். சாரத்தை மடித்துக் கட்டிய வாத்தியார் ஒரு பையனுக்கு வீரபத்திரனின் கால்வைப்பைச் சொல்லிக்கொடுக்கும்போது, முழங்கால் எத்தனை மடிகிறது, எடை எந்தக் காலில் நிற்கிறது, அடுத்த அடிக்குமுன் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை வரையவேண்டும். பிறகு கொழுந்து மலைக்குப் போகவேண்டும், துரையிடம் அனுமதி கேட்டு, அக்காமாரிடமும் கேட்டு. அவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் படத்துக்கு நிற்கக் கூடாது. வேலை நடக்கும்போதே வரையவேண்டும், அவர்கள் வேகத்துக்குக் கை பழகவேண்டும்.

சண்டைக் காட்சியை எழுதி முடித்தபின் அதை அவர்களிடமே காட்டவேண்டும். சரிவில் இப்படி நிற்க முடியுமா, கூடையோடு இப்படித் திரும்ப முடியுமா என்று கேட்கவேண்டும். முடியாதென்று அவர்கள் சொன்னால் கட்டத்தை அழித்துவிட்டு மறுபடி வரையவேண்டும். திரைப்படத்துக்குச் சண்டைப் பயிற்சியாளர் இருக்கிறார், அவருக்குச் சம்பளம் இருக்கிறது, பெயர் திரையில் வருகிறது. காமிக்ஸுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். அது கூத்து வாத்தியாராக இருக்கலாம், சிலம்ப ஆசானாக இருக்கலாம், இருபது வருடம் கொழுந்து பறித்த அக்காவாக இருக்கலாம்.

அவர்கள் பெயர் 'நன்றி' என்று கடைசிப் பக்கத்தின் மூலையில் சின்ன எழுத்தில் வரக்கூடாது. கதை இன்னார், சித்திரம் இன்னார் என்று போடுகிற அட்டையில், அதே அளவு எழுத்தில், சண்டை அமைப்பு இன்னார் என்று வரவேண்டும். இதழ் விற்ற பணத்தில் அவர்களுக்கும் பங்கு எழுதப்படவேண்டும், முதல் பிரதி அச்சாகுமுன்பே.